1440 ஆர்.பி.எம். எங்கிருந்து வருகிறது? கொல்லிமலை சாமை மில்லும் ஒரு மோட்டார் கணக்கும்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால் வரும் ஊர் சோளக்காடு. மிளகு, காபி, வாழை, அன்னாசி, பலா எனக் கொல்லிமலையின் விளைச்சல் கைமாறும் சந்தை ஊர் இது. இந்த மலையின் இன்னொரு முக்கிய விளைச்சல் சாமை. அறுத்த சாமையை அப்படியே உலையில் போட முடியாது. உமி நீக்கி அரிசியாக்க வேண்டும். அந்த வேலையை இன்று செய்வது கரன்ட் மோட்டாரில் ஓடும் மில்.

சிறுதானிய மில்களில் வழக்கமாக எழும் புகார் ஒன்று உண்டு: "மோட்டார் மாத்தினதுல இருந்து அரிசி எல்லாம் நொய்யா போகுது. அதே 3 எச்.பி.தானே?" எச்.பி. அதேதான். மாறியது வேகம். ஏ.சி. மோட்டார் எந்த வேகத்தில் ஓடும் என்பதை வாங்குவதற்கு முன்பே, ஒரு பெருக்கல் ஒரு வகுத்தலில் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

சாமைக்கும் மோட்டார் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு போன்றவற்றைத் தலைமுறைகளாகப் பயிரிட்டு வருகிறார்கள். பின்னர் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பெரும் பரப்பைப் பிடித்துக்கொண்டது. கையில் காசு தரும் பயிர் என்பது ஒரு காரணம். சாமையை அரிசியாக்கும் உழைப்பு இன்னொரு காரணம். உரலில் இட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி எடுக்கும் இந்த வேலை முழுக்கப் பெண்களின் தலையில் இருந்தது.

சென்னையைச் சேர்ந்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டு வருகிறது. விதை, சாகுபடி, விற்பனை ஆகியவற்றோடு, ஊருக்குள்ளேயே உமி நீக்கும் இயந்திரங்களை நிறுவுவதும் அந்தப் பணியில் ஒரு பகுதி. பெண்கள் குழுக்கள் அவற்றை நடத்தின. உலக்கை வேலை குறைந்தால்தான் சாமை சமையலறையில் நீடிக்கும் என்பது இதன் பின்னால் இருந்த எண்ணம். ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்திலும் சாமை அரிசிக்கு மவுசு கூடியிருக்கிறது.

இப்போது இயந்திரத்துக்குள் போவோம். பல உமி நீக்கும் இயந்திரங்களில், வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தின் நடுவில் தானியம் விழுகிறது. சக்கரம் அதை வெளிப்பக்கமாக வீசி எறிகிறது. சுவரில் மோதும் வேகத்தில் உமி விரிசல் விட்டு உரிகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதாவது, வேகம் 10% கூடினால் மோதலின் ஆற்றல் 21% கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு.

வேகம் குறைந்தால் உமி நீங்காத மணிகள் தங்கிவிடும், மறுபடி போட்டு எடுக்க வேண்டும். வேகம் கூடினால் அரிசி உடைந்து நொய்யாகும், தவிட்டோடு சத்தும் போகும். இரண்டிலும் நஷ்டம் சாமை கொண்டுவந்தவருக்குத்தான். போதாக்குறைக்கு பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை எனக் கொல்லிமலையில் சாமையே பல ரகம். தானியத்தின் ஈரப்பதமும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் வேகத்தைத் தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் மாற்றத் தெரிந்திருப்பது மில் நடத்துபவருக்கு அவசியம்.

வேகத்தைத் தீர்மானிப்பது எது?

எச்.பி. அல்ல, வோல்டேஜும் அல்ல. இரண்டே விஷயங்கள்தான்: கரன்ட்டின் அதிர்வெண்ணும், மோட்டாருக்குள் இருக்கும் காந்தத் துருவங்களின் எண்ணிக்கையும்.

நம் வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் திசை மாறி ஒரு சுற்றை முடிக்கிறது. இதுதான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். மோட்டாரின் வெளிப்பக்கம் அசையாமல் இருக்கும் பகுதி ஸ்டேட்டர். அதில் உள்ள காயில்களில் இந்தக் கரன்ட் பாயும்போது உருவாகும் காந்தப்புலம், ஓரிடத்தில் நிற்காமல் வட்டமாகச் சுழல்கிறது. காயில் அசைவதில்லை, காந்தப்புலம் மட்டும் சுற்றுகிறது.

ஒரு வடதுருவம், ஒரு தென்துருவம் என 2 துருவம் மட்டும் இருந்தால், கரன்ட் ஒரு முறை ஏறி இறங்கும் நேரத்தில் காந்தப்புலம் ஒரு முழுச் சுற்று சுற்றும். விநாடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3000. துருவம் 4 ஆனால் அதே நேரத்தில் பாதிச் சுற்றுதான். எனவே நிமிடத்துக்கு 1500. இதைச் சுருக்கி எழுதினால் வருவதுதான் சூத்திரம்:

காந்தப்புல வேகம் = 120 × அதிர்வெண் ÷ துருவங்களின் எண்ணிக்கை

அந்த 120 எங்கிருந்து வந்தது? நிமிடத்துக்கு 60 விநாடி, துருவங்கள் எப்போதும் ஜோடியாக வருவதால் ஒரு 2. இரண்டையும் பெருக்கினால் 120. இந்தியாவின் 50 ஹெர்ட்ஸுக்கு:

2 துருவம் – 3000 சுற்று
4 துருவம் – 1500 சுற்று
6 துருவம் – 1000 சுற்று
8 துருவம் – 750 சுற்று

இடையில் வேறு எண் கிடையாது. "1200 சுற்று மோட்டார் கொடுங்க" என்று கேட்டால், நேரடியாக லைனில் ஓடும் சாதாரண ஏ.சி. மோட்டாரில் அது இல்லை. அமெரிக்காவில் உண்டு. அங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் 6 துருவ மோட்டாருக்கு 1200 வரும். ஜப்பானில் கிழக்குப் பகுதிக்கு 50, மேற்குப் பகுதிக்கு 60 ஹெர்ட்ஸ். ஒரே நாட்டுக்குள் ஒரே மோட்டார் இரண்டு வேகத்தில் ஓடும்.

அந்த 50 எவ்வளவு உறுதியானது? தென்மாநில மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாட்டின் மற்ற தொகுப்புகளோடு இணைந்தது. அதன்பின் இந்தியா முழுக்க ஒரே தொகுப்பு, ஒரே அதிர்வெண். விதிமுறைப்படி அது 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். 4 துருவ மோட்டாரில் இதனால் வரும் வித்தியாசம் 1497-க்கும் 1501.5-க்கும் இடைப்பட்டது மட்டுமே. சோளக்காட்டில் ஓடும் 4 துருவ மோட்டாருக்கும் காஷ்மீரில் ஓடும் 4 துருவ மோட்டாருக்கும் காந்தப்புல வேகம் ஒன்றுதான்.

டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் இந்த உத்தரவாதம் இல்லை. ஜெனரேட்டர் திணறி 48 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் காந்தப்புல வேகமும் 1440-க்கு இறங்கிவிடும்.

கணக்குப்படி 1500, நேம் பிளேட்டில் ஏன் 1440?

மோட்டாரின் நடுவில் சுழலும் ரோட்டாருக்கு வெளியிலிருந்து கரன்ட் எதுவும் தரப்படுவதில்லை. சுற்றும் காந்தப்புலம் ரோட்டாரின் கம்பிகளைக் கடந்து போகும்போதுதான் அதில் கரன்ட் தூண்டப்படுகிறது. அந்தக் கரன்ட்தான் ரோட்டாரை இழுத்துச் சுற்றவைக்கிறது. ரோட்டார் காந்தப்புலத்தின் வேகத்தையே எட்டிவிட்டால், கம்பிகளைக் கடப்பதற்கு எதுவும் இருக்காது. கரன்ட் போய்விடும், இழுவையும் போய்விடும்.

மாட்டுக்கு முன்னால் ஒருவர் புல்லுக்கட்டோடு நடப்பதைப் போல நினைத்துக்கொள்ளலாம். புல்லை எட்டிப் பிடித்துவிட்டால் மாடு நின்றுவிடும். சற்றே பின்தங்கி இருக்கும்வரைதான் நடக்கும். இந்தப் பின்தங்கலுக்குப் பெயர் ஸ்லிப். 1500-ல் 60 சுற்று பின்தங்கினால் ஸ்லிப் 4%. அதனால்தான் 4 துருவ மோட்டாரின் நேம் பிளேட்டில் 1440, 2 துருவத்தில் 2880, 6 துருவத்தில் 960 போன்ற எண்கள் இருக்கின்றன. மோட்டாரைப் பொறுத்து இவை கொஞ்சம் மாறும். செயல்திறன் கூடிய புது மோட்டார்களில் ஸ்லிப் குறைவு என்பதால் 1450, 1460 என்றும் இருக்கும்.

கவனிக்க வேண்டியது: நேம் பிளேட் எண் முழு லோடில் ஓடும்போதைய வேகம். லோடு இல்லாமல் ஓட்டினால் 1490-க்கு மேல்கூடப் போகும். இதை வைத்து மோட்டார் எவ்வளவு சுமக்கிறது என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். 1440 எழுதிய மோட்டார் வேலை செய்யும்போது 1470-ல் ஓடினால் ஸ்லிப் 30. முழு லோடில் 60 இருக்க வேண்டிய இடத்தில் பாதி. எனவே லோடும் பாதியளவு. 1410-ல் ஓடினால் ஸ்லிப் 90. லோடு அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு. நிறுத்திப் பார்க்க வேண்டிய நேரம் அது.

சுழலும் காந்தப்புலத்தில் ஓடும் மோட்டாரை 1880-களில் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே உருவாக்கினார்கள். இந்தியாவில் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரான இடம் கோவை. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் அதைச் செய்தார்கள். கோவையின் பம்ப் செட், கிரைண்டர் தொழிலுக்கு அது அடித்தளம் போட்டது.

நேம் பிளேட் அழிந்துபோனால்?

பழைய மோட்டார்களில் தகடே இருக்காது, அல்லது பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். அப்போதும் வழி உண்டு.

காயில் கட்டும் கடைக்காரர் உள்ளே பார்த்தே சொல்லிவிடுவார். 36 ஸ்லாட் உள்ள ஸ்டேட்டரில் ஒரு காயில் ஏறத்தாழ 9 ஸ்லாட் அகலம் எடுத்தால் 4 துருவம். 18 ஸ்லாட் அளவுக்கு விரிந்தால் 2 துருவம். 36-ஐத் துருவ எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இந்த அகலம்.

டேகோமீட்டர் இருந்தால் இன்னும் எளிது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி அளந்தால், வரும் எண் 3000, 1500, 1000, 750 ஆகியவற்றில் எதற்குச் சற்றுக் கீழே இருக்கிறதோ அதுதான் அந்த மோட்டாரின் வகை.

கருவி இல்லையா? கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் போதும். மோட்டார் நின்றிருக்கும்போது, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு ஓடவிட்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்று விநாடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் படம் பிடிக்க வேண்டும். வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, கோடு 10 சுற்று முடிக்க எத்தனை ஃப்ரேம் ஆகிறது என எண்ண வேண்டும். 1,44,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். 100 ஃப்ரேம் என்றால் 1440. 98 என்றால் 1469. சில போன்கள் இடையிடையே செயற்கை ஃப்ரேம்களைச் சேர்க்கும் என்பதால், வேகம் தெரிந்த ஒரு மோட்டாரில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சோக் வைத்த பழைய டியூப் லைட் இருந்தால் இன்னொரு வேடிக்கை. அது விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. மங்கலான அறையில் அந்த வெளிச்சத்தில் பார்த்தால், 4 துருவ மோட்டாரின் புல்லியில் போட்ட ஒற்றைக் கோடு, கூட்டல் குறி போல நான்கு கைகளாகத் தெரியும். 2 துருவம் என்றால் இரண்டு கைகள், 6 துருவம் என்றால் ஆறு. அந்தக் குறி மெதுவாகப் பின்னோக்கி நகரும். ஒரு கை நிமிடத்துக்கு எத்தனை முறை பின்னோக்கிச் சுற்றி வருகிறதோ அதுதான் ஸ்லிப். 1440-ல் ஓடும் மோட்டாரில் விநாடிக்கு ஒரு முறை.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. வேகமாகச் சுழலும் சக்கரம் டியூப் லைட் வெளிச்சத்தில் நிற்பது போலவோ மெதுவாக நகர்வது போலவோ தெரிந்து, கையை நீட்டிவிட வாய்ப்பு உண்டு. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் கூண்டு இல்லாத மில்லில் சேலை முந்தானையும் கூந்தலும்கூடச் சிக்கலாம். அளந்து முடித்ததும் கூண்டை மறக்காமல் மாட்ட வேண்டும்.

புல்லிக் கணக்கு: நம் கையில் உள்ள வேகம்

மோட்டாரின் வேகத்தை நாம் மாற்ற முடியாது. மில் இயந்திரத்தின் வேகத்தை மாற்றலாம். அதற்குத்தான் புல்லி.

இயந்திர வேகம் = மோட்டார் வேகம் × மோட்டார் புல்லியின் விட்டம் ÷ இயந்திரப் புல்லியின் விட்டம்

மோட்டார் 1440, அதில் 4 அங்குலப் புல்லி, இயந்திரத்தில் 6 அங்குலப் புல்லி என்று வைத்துக்கொள்வோம். 1440 × 4 ÷ 6 = 960. பெல்ட் கொஞ்சம் வழுக்குவதால் நிஜத்தில் சற்றுக் குறையும்.

இப்போது ஆரம்பத்தில் பார்த்த புகாருக்கு வருவோம். பழைய மோட்டார் எரிந்துபோய், அவசரத்துக்கு அதே 3 எச்.பி.யில் 2 துருவ மோட்டார் ஒன்று கிடைக்கிறது. பார்க்கச் சிறியது, பொதுவாக விலையும் குறைவு. அதே புல்லியோடு மாட்டினால் இயந்திரம் 960-க்குப் பதில் 1920-ல் ஓடும். மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. அரிசி நொய்யாகத்தான் செய்யும். அதைவிட மோசம், அந்த வேகத்துக்கு வடிவமைக்கப்படாத சக்கரம் வெடித்துச் சிதறலாம். தள்ளும் திறனும் அப்படித்தான்: ஒரே எச்.பி.யில் 2880 மோட்டாரின் முறுக்கு விசை 1440 மோட்டாரில் பாதி. எனவே லோடோடு கிளம்பவும் திணறும்.

அதே மோட்டாரைத்தான் வைத்தாக வேண்டும் என்றால், மோட்டார் புல்லியின் விட்டத்தைப் பாதியாக்க வேண்டும், அல்லது இயந்திரப் புல்லியை இரட்டிப்பாக்க வேண்டும். 2 அங்குலப் புல்லியில் பெல்ட் சரியாகப் பிடிக்காது என்பதால், இரண்டாவதுதான் நல்லது. அதைவிட நல்லது, 4 துருவ மோட்டாரையே தேடி வாங்குவது.

வோல்டேஜ் குறைந்தால்?

டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து லைன் நீண்டுகொண்டே போனால் வோல்டேஜ் குறையும். மலைக் கிராமங்களின் கடைசி வீட்டு இணைப்பில் இது தெரியும். "வோல்டேஜ் கம்மியா இருக்கு, ஆனா மோட்டார் ஓடுதே" என்று விட்டுவிடுவதில்தான் சிக்கல்.

மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 207 வந்தால், அதாவது 10% குறைந்தால், விசை 81% ஆகிவிடும். அதே லோடை இழுக்க மோட்டார் இன்னும் பின்தங்கும். 4% ஆக இருந்த ஸ்லிப் சுமார் 5% ஆகும். வேகம் 1440-ல் இருந்து 1426-க்கு அருகில் இறங்கும். 14 சுற்றுதான். காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதே வேலைக்காக இழுக்கும் கரன்ட் சுமார் 11% கூடுவதால், காயிலில் உண்டாகும் சூடு ஏறத்தாழ 23% கூடுகிறது. இப்படித் தினமும் ஓடினால் காயிலின் இன்சுலேஷன் கருகும்.

த்ரீ பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் போய்விட்டால் இதைவிடச் சீக்கிரம் எரியும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காமல் உறுமிக்கொண்டே ஓடும், மீதி இரண்டு பேஸிலும் கரன்ட் எகிறும். ஓவர்லோடு ரிலேயும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் உள்ள ஸ்டார்ட்டர் இதற்காகத்தான். கொல்லிமலை போன்ற இடத்தில் காயில் கட்டும் கடையைத் தேடி அடிவாரம் இறங்க நேர்ந்தால், கூலியும் வண்டி வாடகையும் ஒரு பக்கம், மில் ஓடாத நாட்கள் இன்னொரு பக்கம். அந்த நாட்களில் உலக்கை மறுபடி பெண்களின் கைக்குப் போகும்.

மலை மேல் இருப்பதால் வேகம் குறையுமா?

குறையாது. சூத்திரத்தில் உயரத்துக்கு இடமில்லை. ஆனால் சாதாரண மோட்டார்கள் கடல்மட்டத்தில் இருந்து 1000 மீட்டர் உயரம் வரைக்கும், 40 டிகிரி வெப்பநிலைக்கும் கணக்கிட்டே தரம் குறிக்கப்படுகின்றன. கொல்லிமலையின் மேல்தளம் சுமார் 1000 முதல் 1300 மீட்டர். காற்றின் அடர்த்தி குறைவதால் மோட்டார் குளிர்வதும் சற்றுக் குறையும். மலையின் குளிர்ச்சி அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். எனவே பயம் வேண்டாம். காற்றோட்டமில்லாத மூலையில், தவிட்டுத் தூசி அடைய வைக்காமல் இருந்தால் போதும்.

இந்தக் கணக்கு எதற்குப் பொருந்தாது?

மிக்ஸி, கை டிரில்லர் ஆகியவற்றில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். அது 3000 என்ற எல்லைக்குக் கட்டுப்படாமல் பல ஆயிரம் சுற்றுகளில் ஓடும். பி.எல்.டி.சி. ஃபேனில் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று தனக்கென ஓர் அதிர்வெண்ணை உருவாக்கிக்கொள்கிறது. ஆலைகளில் பயன்படும் வி.எஃப்.டி. டிரைவும் அப்படித்தான். அதில் 40 ஹெர்ட்ஸ் வைத்தால் 4 துருவ மோட்டாரின் காந்தப்புலம் 1200-ல் சுழலும். சாமை ரகத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்ற நினைக்கும் மில்லுக்கு இதுவும் ஒரு வழி.

மோட்டார் மாற்றும்முன் பார்க்க வேண்டியவை

* எச்.பி. மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். "3 எச்.பி., 1440 ஆர்.பி.எம்., சிங்கிள் பேஸ்" என மூன்றையும் சொல்ல வேண்டும்.
* காயில் கட்டக் கொடுக்கும்போது, துருவ எண்ணிக்கை மாறக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.
* வெளிநாட்டு மோட்டாரில் 1750 என்று இருந்தால் அது 60 ஹெர்ட்ஸுக்கான எண். இங்கே 1450 அளவில்தான் ஓடும். நம் வோல்டேஜுக்குப் பொருந்துமா என்பதையும் கேட்க வேண்டும்.
* இயந்திரத்தின் அதிகபட்ச வேகம் அதன் தகட்டில் இருக்கும். புல்லிக் கணக்கில் வரும் எண் அதைத் தாண்டக் கூடாது.
* மில் நன்றாக அரைக்கும் நாளில் மோட்டார் வேகம், இயந்திர வேகம், இரண்டு புல்லிகளின் விட்டம் ஆகிய நான்கு எண்களையும் மில் சுவரில் எழுதி வைத்துவிடலாம். அடுத்த முறை மோட்டார் எரிந்தாலும், என்ன வாங்க வேண்டும் என்று யாரையும் கேட்கத் தேவையிருக்காது.